உறை பிரிக்காத மெத்தை

மல்லசமுத்திரத்துப் பக்கம் யாரை எங்கே பார்த்தாலும் முதலில் கேட்பது, "சாப்புட்டாச்சுங்களா?" என்றுதான். பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவனைக்கூட நிறுத்தி வைத்துக் கேட்பார்கள். ஆனால் தூங்கினீர்களா என்று ஒருவரை ஒருவர் கேட்கிற வழக்கம் அந்த ஊரில் கிடையாது. இருட்டினால் தானாக வருவதுதானே தூக்கம், அதில் விசாரிக்க என்ன இருக்கிறது என்று நினைப்பார்கள் போலிருக்கிறது. அதனால்தான் ராஜம்மாள் இரண்டு வருஷமாகச் சரியாகத் தூங்கவில்லை என்பது, ஒரே வீட்டில் இருந்த புருஷன் பச்சமுத்துவுக்குக்கூடத் தெரியாமல் போயிற்று.

அவளும் சொல்லவில்லை. இடுப்பு வலிக்கிறது என்று மட்டும் சொன்னாள். இடுப்பு வலி இல்லாத பொம்பளை எந்த ஊரில் இருக்கிறாள்? தைலத்தைத் தேய்த்துக்கொண்டு காலையில் எழுந்து, தன் இரண்டு கறவை மாடுகளுக்கு அடியில் குனிந்து பால் பீய்ச்சி, சொசைட்டிக்கு ஊற்றிவிட்டு வந்தாள். குனிந்தவள் நிமிர்வதற்கு மாட்டின் முதுகைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. இதைப் பார்த்த பச்சமுத்து, பேசாமல் மாட்டை விற்றுவிடலாம் என்று ஒரு நாள் சொல்லிவிட்டான். அதுதான் அவளுக்குச் சுருக்கென்றது. குச்சிக்கிழங்கு போட்ட காடு அவனுடையது, ஓடித் தேய்ந்து விற்றுப்போன லாரி அவனுடையது. அவளுக்கென்று இருந்தது அந்த மாடுகள்தான். பெயர் வைத்துக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிற ஜீவன்களை விற்பதாமே!

அந்தப் பயத்தில்தான் திருச்செங்கோட்டுக்குப் போய் டாக்டரைப் பார்த்தாள். படமெல்லாம் எடுத்துப் பார்த்த டாக்டர், எலும்பில் பெரிய கோளாறு இல்லை என்று சொல்லிவிட்டு, எதில் படுக்கிறீர்கள் என்று கேட்டார். ராஜம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மெத்தையில்தான் என்றாள். எந்தக் காலத்து மெத்தை என்று அவர் அடுத்துக் கேட்டபோதுதான் வருஷத்தை எண்ணிப் பார்த்தாள்.

அது அவள் கல்யாணத்துக்குச் சீராக வந்த இலவம்பஞ்சு மெத்தை. வந்தது என்றுதான் பேர், அவள் அதில் படுத்தாளா என்றால் இல்லை. அதைச் சுருட்டிப் பரண் மேல் வைத்து, விருந்தாளி வந்தால் மட்டும் இறக்கினார்கள். நாத்தனார் பிரசவத்துக்கு வந்தபோது இறக்கினார்கள், மாமனார் படுத்த படுக்கையானபோது இறக்கினார்கள். பச்சமுத்து வடக்கே லோடு ஏற்றிப் போய் வாரக்கணக்கில் கழித்துத் திரும்புகிறபோதெல்லாம், லாரியிலேயே முடங்கிக் கிடந்த மனுஷன் ஆயிற்றே என்று அவளே இறக்கி விரித்துக் கொடுத்தாள். அவள் படுத்தது கதவோரம் பாயில். அவன் லாரி எந்நேரம் வரும் என்று சொல்ல முடியாது. தெருமுனையில் ஆரன் அடிப்பான். ஒரு ஆரனிலேயே எழுந்து கதவைத் திறந்து உலை வைக்க வேண்டும். அவன் உள்ளே வந்ததும் கேட்பது, "சோறு ஆச்சா?" என்றுதான். இப்படி ஆரனுக்குக் காதைக் கொடுத்துவிட்டே படுத்துப் பழகியது அவள் தூக்கம். கடைசியில் அந்த மெத்தை அவள் பங்குக்கு வந்தபோது நடுவில் குழி விழுந்து, பஞ்சு கட்டி கட்டியாகத் திரண்டு கிடந்தது. அதையும் குறை சொல்லாமல் படுத்தாள், மகராசி.

நல்ல மெத்தையாகப் பார்த்து மாற்றினால் பாதி வலி போய்விடும், தூங்காமல் இப்படியே விட்டால் மாட்டுக்கு அடியில் குனியவே முடியாமல் போகும் என்று டாக்டர் சொன்னார். மாடு என்ற சொல் காதில் விழுந்ததும் அவள் எழுந்துவிட்டாள். அன்றைக்கே, அதே தெருவிலிருந்த அன்வர் பாட்சாவின் மெத்தைக் கடைக்கு, வெளியே காத்திருந்த புருஷனை இழுத்துக்கொண்டு போனாள்.

இடுப்பு வலிக்குக் கெட்டியான மெத்தைதான் நல்லது என்று ஊரில் நாலு பேர் சொல்லிக் கேட்டிருந்தாள். அதனால் கடைக்குள் போனதுமே, இருப்பதிலேயே கெட்டியானதைக் காட்டச் சொன்னாள். அன்வர் பாட்சா காட்டினார். அவள் உள்ளங்கையால் அழுத்தினாள், விரலை மடக்கித் தட்டினாள், ஓரத்தில் உட்கார்ந்து எழுந்தாள். தேங்காய் வாங்குகிற மாதிரிதான். படுத்துப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கம்மா என்று அவர் சொன்னதும், அவள் இரண்டடி தள்ளிப் போய் நின்றுகொண்டாள். நாலு பேர் வந்துபோகிற கடையில், அந்நிய ஆம்பளை பார்க்க, காலை நீட்டிப் படுப்பதா? அவள் தன் வீட்டிலேயே வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் எழுந்து உட்கார்ந்து கொள்கிறவள். இதுவே போதும், கட்டிக் கொடுங்கள் என்றாள்.

கல்லாவில் உட்கார்ந்திருந்த அன்வர் பாட்சாவின் சம்சாரம் ரபியா இதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மதியத் தொழுகைக்குப் பாங்கு சொன்னதும் அன்வர் பாட்சா கிளம்பிப் போனார். ரபியா பச்சமுத்துவைப் பார்த்து, எதிர்க்கடையில் டீ நன்றாக இருக்கும், மெதுவாகக் குடித்துவிட்டு வாருங்கள் என்றாள். அவன் போனதும் ஷட்டரைப் பாதிக்கு இறக்கிவிட்டு வந்தாள்.

"இப்ப இங்க நாம ரெண்டு பொம்பளைங்கதான். செருப்பக் கழட்டிட்டுப் படுங்கக்கா. வீட்டுல எப்படிப் படுப்பீங்களோ அப்படி."

ராஜம்மாள் ஷட்டரை ஒரு தரம் பார்த்துக்கொண்டாள். பிறகு சேலையைக் கால்வரை இழுத்து விட்டுக்கொண்டு, தான் கேட்ட கெட்டி மெத்தையில் வழக்கம்போல் ஒருக்களித்துப் படுத்தாள். தோளும் இடுப்பெலும்பும் போய் முட்டின. வெறுந்தரையில் கிடப்பதற்கும் இதற்கும் வித்தியாசம் தெரியவில்லை. இடுப்பின் வளைவுக்கு அடியில் ரபியா கையை விட்டாள். கை இந்தப் பக்கம் போய் அந்தப் பக்கம் வந்தது. இந்த இடம் தாங்கலே இல்லாமல் அந்தரத்தில் நின்றால் வலிக்காமல் என்ன செய்யும் என்றாள். அடுத்தது மெத்து மெத்தென்று இருந்தது. படுத்ததும் சுகமாகத்தான் இருந்தது, ஆனால் இடுப்பு உள்ளே போய், முதுகு தூளி மாதிரி வளைந்தது. திரும்பிப் படுக்கவே கையை ஊன்ற வேண்டியிருந்தது.

மூன்றாவது மெத்தை பார்வைக்குச் சாதாரணம். படுத்தபோது தோளும் இடுப்பும் கொஞ்சமாக அமுங்கி இடம் பிடித்துக்கொண்டன, இடைவெளியை மெத்தையே வந்து தாங்கிக்கொண்டது. ரபியா கழுத்துக்கு ஏற்ற உயரத்தில் ஒரு தலையணையை வைத்தாள். தலை, முதுகு, இடுப்பு எல்லாம் ஒரே நேராக வந்ததா என்று பின்னால் நின்று பார்த்தாள். எப்படி இருக்கிறதக்கா என்று கேட்டாள். சுற்றி வந்து பார்த்தால், ராஜம்மாள் வாயை லேசாகத் திறந்துகொண்டு தூங்கிப் போயிருந்தாள்.

டீ குடித்துவிட்டு வந்த பச்சமுத்து ஷட்டருக்கு அடியில் தலையை விட்டான். ரபியா உதட்டில் விரலை வைத்துக் காட்டினாள். அவன் அப்படியே குனிந்தபடி, தூங்குகிற சம்சாரத்தைப் பார்த்தான். இத்தனை வருஷத்தில் அவள் தூங்கி அவன் பார்த்ததே இல்லை. அவன் கண் விழிக்கும்போது அவள் எழுந்திருப்பாள், அவன் கண் அசரும்போது அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பாள். அவனுக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. தலையை வெளியே எடுத்து, வெயிலில் போய் நின்றுகொண்டான்.

அந்த மூன்றாவது மெத்தையே வீட்டுக்கு வந்தது. பிளாஸ்டிக் உறையைப் பிரித்து ஒரு நாள் காற்றாட விட்டுப் படுங்கள் என்று ரபியா சொல்லி அனுப்பியிருந்தாள். இதோடு கதை முடிந்திருக்க வேண்டும். நம் ஆட்கள் ஒரு காரியத்தை அத்தனை லேசில் முடிக்க விடுவார்களா?

வைகாசியில்தான் மகள் சௌந்தர்யாவுக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. அடுத்து வருவது தலை ஆடி. மாப்பிள்ளை தீனதயாளனை முந்தின நாளே அழைத்து வந்து தங்க வைத்து, ஆடி ஒன்றாம் தேதி விருந்து போட வேண்டும். மெத்தையைக் கட்டிலில் போட்டதும் ராஜம்மாளுக்கு முதலில் தோன்றியது அதுதான். மாப்பிள்ளை வந்து படுத்துவிட்டுப் போகட்டும், அதுவரை உறையைப் பிரிக்கக் கூடாது, பிரித்தால் கசங்கிப் பழசாகிவிடும் என்றாள். ஆமாம், சொன்னது வேறு யாருமில்லை, அவளேதான்! உனக்கு என்றுதானே வாங்கினோம் என்று பச்சமுத்து முனகிப் பார்த்தான். ஆனால் புது லாரி எடுத்தபோது, சீட்டின் பிளாஸ்டிக் உறையை அது தானாகக் கிழிகிறவரைக்கும் கழற்றாமல் ஓட்டிய ஆள் அவன். அவன் வாயில் அதற்கு மேல் பேச்சு எப்படி வரும்? மெத்தை உறையோடு கட்டிலில் கிடந்தது. அவள் ஹாலில், பழைய குழி மெத்தையில் புரண்டுகொண்டிருந்தாள். இடுப்பு இன்னும் மோசமாயிற்று. ஒரு நாள் சாயங்காலம் ஒரு மாட்டை அவளால் பீய்ச்ச முடியாமல், பச்சமுத்து உட்கார்ந்து பீய்ச்சினான். அவன் மறுபடி விற்கிற பேச்சை எடுக்கவில்லை, எடுத்துவிடுவானோ என்று அவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாப்பிள்ளை வந்தார். நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கிறவர், அடக்கமான மனுஷர். மெத்தைக்கு மேல் புது விரிப்பு விரித்து, புதுத் தலையணை உறை மாட்டி, அறையை அவர்களுக்கு விட்டாள் ராஜம்மாள்.

ஆடி ஒன்று காலையில் காப்பியோடு அறைக் கதவைத் தட்டினாள். மாப்பிள்ளை கொல்லைப் பக்கம் போயிருந்தார். சௌந்தர்யா சிவந்த கண்ணோடு பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். கட்டிலில் விரிப்பு ஒரு சுருக்கம்கூட விழாமல், விரித்தது விரித்தபடியே இருந்தது. தாய் கிட்டே போய், சண்டையா என்று கேட்டாள்.

"சண்டையெல்லாம் ஒண்ணுமில்லம்மா. கவர்கூடப் பிரிக்காத மெத்தை, மாமனார் ஊட்டுல நாம போயிப் பிரிச்சா நல்லாருக்காதுன்னு அவரு சொல்லிப்போட்டாரு. செரி, அப்படியே படுக்கலாம்னா, அசைஞ்சாலே சரசரங்குது. ஹால்ல நீங்க வேற இருக்கறீங்க..." என்று சொல்லி, சௌந்தர்யா தலையைக் குனிந்துகொண்டாள். "ரெண்டு பேரும் கீழதாம்மா படுத்தோம்."

ராஜம்மாளுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. அடக் கடவுளே, வீடு முழுக்க மனுஷர்கள் தரையில் கிடக்க, மெத்தை மட்டும் சட்டை கலையாமல் கட்டிலில் படுத்திருக்கிறதே! சிரிக்கச் சிரிக்க இடுப்பில் சுரீரென்று பிடித்தது. கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்போதுதான் அவளுக்குத் தன் மேலேயே கோபம் வந்தது. தாய் வீட்டு மெத்தையைப் பரணில் வைத்து, வந்தவர்களுக்கு விரித்தே பாழாக்கினோம், இதையும் இப்படி யாருக்காகவோ வைத்துக் கெடுக்கப் பார்த்தோமே என்று நெஞ்சு கொதித்தது. அடுப்படிக்குப் போய்க் கத்தியை எடுத்து வந்தாள். விரிப்பை உருவிப் போட்டுவிட்டு, பிளாஸ்டிக்கை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் கிழித்தாள்.

சத்தம் கேட்டு பச்சமுத்துவும் மாப்பிள்ளையும் வாசற்படியில் வந்து நின்றார்கள். கத்தியும் கையுமாக நின்றவளைப் பார்த்து ஓரடி பின்வாங்கினார்கள். மெத்தை மூச்சு விட்டாற்போல் கொஞ்சம் உப்பி எழுந்தது. படும்மா என்றாள் மகள். மாப்பிள்ளை நிற்கிறார் என்று தாய் கண்ணைக் காட்டினாள். தீனதயாளன் மாமனாரின் தோளைத் தொட்டார். ஆடிக்குத் தேங்காய் சுடத் தெருவில் பிள்ளைகள் நெருப்பு மூட்டிவிட்டார்கள், நாமும் போகலாம் வாங்க மாமா என்று அழைத்துப் போனார். போகும்போது கதவைச் சாத்திவிட்டே போனார். காற்றாட விடச் சொன்னதெல்லாம் அவளுக்கு அப்போது நினைவில் இல்லை. கொஞ்ச நேரம் இடுப்பைச் சாய்த்துவிட்டு எழுந்து விருந்தைப் பார்க்கலாம் என்றுதான் படுத்தாள்.

கண் விழித்தபோது ஜன்னல் வெயில் சுவரின் மறுகோடிக்குப் போயிருந்தது. ஒரு கணம் எங்கே இருக்கிறோம் என்றே தெரியவில்லை. தெரிந்ததும் பதறிப் போனாள். தலை ஆடி விருந்து! மாப்பிள்ளைக்கு இலை போட வேண்டிய மாமியார் பட்டப்பகலில் தூங்கியிருக்கிறாள். சம்பந்தி வீட்டுக் காதுக்குப் போனால் என்ன ஆவது? எழுந்து நின்ற பிறகுதான், கட்டிலைப் பிடிக்காமலே எழுந்துவிட்டோம் என்பது உறைத்தது.

வெளியே ஓடி வந்தாள். மாப்பிள்ளையும் மகளும் சுட்ட தேங்காயை உடைத்து, உள்ளே வெந்த பருப்பையும் வெல்லத்தையும் சுரண்டித் தின்றுகொண்டிருந்தார்கள். மாமா எழுப்பவே கூடாது என்று சொல்லிவிட்டார், பசிக்கு நாங்களே பொங்கிச் சாப்பிட்டோம் அத்தை, சௌந்தர்யா வைத்த குழம்பு நன்றாக இருந்தது என்றார் மாப்பிள்ளை. அப்பா எங்கே என்று மகளிடம் கேட்டாள். சௌந்தர்யா தெருமுனையைக் காட்டினாள்.

பால் வேன் வருகிற நேரம் அது. வேன்காரன் தெருமுனைக்கு வந்தாலே ஊரைக் கூட்டுகிற மாதிரி ஆரன் அடிப்பான். அங்கே பச்சமுத்து நடுரோட்டில் நின்று, இரண்டு கையையும் தூக்கி வண்டியை மறித்துக்கொண்டிருந்தான்.

"ஆரன் அடிக்காத போ சாமி. என்ற சம்சாரம் தூங்குது."

வேன் சத்தமில்லாமல் உருண்டு போயிற்று. திரும்பியவன் வாசலில் அவள் நிற்பதைப் பார்த்தான். தெருமுனையில் ஆரன் அடித்தே அவளை எழுப்பிப் பழகியவன், கிட்டே வந்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். சோறு ஆச்சா என்று கேட்கத்தான் போகிறான் என்று நினைத்தாள்.

"நல்லாத் தூங்குனயா?" என்றான்.

பிறந்ததிலிருந்து இந்தக் கேள்வியை அவளிடம் யாரும் கேட்டதில்லை.

"தூங்குனனுங்க" என்றாள். சேலை முந்தியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மாடுகள் கத்துகிறதைப் பார்த்துக் கட்டுத்தறிப் பக்கம் போனாள்.