மாமனாருக்கு ஒரு கட்டை

விறகுக்கட்டையை முதலில் முகர்ந்து பார்ப்பார் இசிடோர் பாலண்டைன். வெட்டுவாயில் மூக்கை வைத்து, கண்ணை மூடி, பச்சைக் குழந்தையின் உச்சந்தலையை முகர்வதுபோல. ஈரக்கட்டை புளிப்பாய் வாடை அடிக்குமாம். பிசின் ஏறிய கட்டை பொறி கக்குமாம். மனதுக்குப் பிடித்தால் தலையை ஆட்டிக்கொள்வார். நெருப்பை வலமாகச் சுற்றி வந்து, இரண்டு கையாலும் வைப்பார். எறிவது கிடையாது. மாநாட்டின் மூன்றாம் நாள் காலையில் ஐந்து கட்டைகளை முகர்ந்தார். ஐந்தையும் அடுக்கிலேயே திரும்ப வைத்துவிட்டார்.

கனடாவின் சாஸ்கட்டூன் நகரில் ஆற்றோரமாக உள்ள ஓட்டல் அது. வடக்கே இருக்கும் கிரீ பழங்குடி ஊர்களின் சுகாதாரப் பணியாளர்கள் முந்நூறு பேருக்கு உள்ளே நான்கு நாள் மாநாடு. கூட்டம் கேட்டுக் களைத்தவர்களுக்காக நிகழ்ச்சித் தாளில் ‘மன ஆறுதல்’ என்று தனியாக ஒரு பக்கம். மணி கோக்கலாம், மேளம் அடிக்கலாம், தேவதாரு இலை போட்ட வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு உட்காரலாம். பின்பக்கப் புல்வெளியில் கல்வட்டத்துக்குள் எரியும் நெருப்புக்கு முன்னால் பேசாமல் இருக்கலாம். முதல் நாள் விடியலில் மூட்டிய அந்த நெருப்பு நான்காம் நாள் மாலை வரை அணையக் கூடாது. அதைக் காப்பவர்தான் இசிடோர். வயது ஐம்பத்தாறு. சட்டைப்பையில் புகையிலைப் பொட்டலம், காலில் ரப்பர் பூட்ஸ்.

பக்கத்தில் மூடி போட்ட வெள்ளை ஐஸ்கிரீம் வாளி ஒன்று இருக்கும். வட்டத்துக்குள் வருகிறவர்கள் கைப்பேசியை அதில் போட்டுவிட்டுத்தான் வர வேண்டும். அது அவர் சட்டம். அவர் கைப்பேசியும் அதற்குள்தான் கிடக்கும்.

“வாயில என்னம்மா மெல்றே?” என்பார், உள்ளே வரும் பெண்ணிடம்.

“பபிள்கம், மாமா.”

“துப்பிட்டு வா. பெரியவர் முன்னாடி மாடு மாதிரி அசை போடக் கூடாது.”

பெரியவர் என்று அவர் சொல்வது நெருப்பைத்தான். வருகிறவர்களிடம் அவர் தவறாமல் சொல்லும் வாசகம் ஒன்று உண்டு. “அடுப்புல எரியறவரும் இவர்தான், காட்டுல எரியறவரும் இவர்தான். எங்க எரிஞ்சாலும் ஒரே பெரியவர்தான்.” இருபது வருஷமாக அதை வாய் நிறையச் சொல்லி வந்தவர், அன்று காலை வந்த முதல் கூட்டத்திடம் சொல்லவில்லை.

காரணம் வானத்திலேயே தெரிந்தது. சூரியன் செப்புக்காசுபோலத் தொங்கிக்கொண்டிருந்தது. ஓட்டல் கார்களின் மேல் சாம்பல் படிந்திருந்தது. வடக்கே, ஆறு மணி நேரப் பயணத்தில் இருக்கிற அவருடைய ஊரான ஊசிப்பாறை ஏரியைச் சுற்றிக் காடு பற்றி எரிந்துகொண்டிருந்தது.

ஊரின் பள்ளிக்கூட பஸ்ஸை ஓட்டுகிறவள் அவர் மனைவி டெல்ஃபின். காலை ஆறு மணிக்கு அவள் வீட்டுத் தொலைபேசியிலிருந்து கூப்பிட்டிருந்தாள்.

“இதுதான் கடைசி பஸ். முப்பத்தெட்டுப் பேரு. பாதிப் பேருக்கு நடக்க முடியாது, தூக்கித்தான் ஏத்தணும். பதினோரு மணிக்குக் கிளம்பிடுவேன்.”

“பயமா இருக்கா?”

“பின்ன இல்லாமயா? ஸ்டியரிங்கப் பிடிச்சா சரியாப் போயிடும். நீ என் மாமனார்கிட்ட சொல்லி வை. மருமக அந்த வழியா வரா, கொஞ்சம் ஒதுங்கி உக்காரச் சொல்லு.”

அது அவர்கள் வீட்டுக் கேலி. கிரீக் குடும்பங்களில் மருமகள் மாமனாரிடம் நேராகப் பேசுவது மரியாதை இல்லை. எதுவானாலும் புருஷன் வழியாகத்தான் போக வேண்டும். “வருஷத்துல பாதி நாள் நீ அந்தக் கிழவரோடதான் குடித்தனம் பண்றே. அப்ப அவர் எனக்கு மாமனார்தானே? நான் எப்படி வாயத் தொறக்கறது? நீயே சொல்லு” என்பாள். குளிர்காலத்தில் அடுப்பு புகைந்தால்கூட, அடுப்பைப் பார்க்காமல் அவரைப் பார்த்துத்தான் திட்டுவாள்.

ஊரிலிருந்து வெளியே வர ஒரே ஒரு மண்சாலை. இரண்டு மணி நேரம் காட்டுக்குள் ஓடி நெடுஞ்சாலையில் சேரும். அங்கே இருக்கும் பெட்ரோல் பங்கில்தான் கைப்பேசிக்கு உயிர் வரும். அப்படியென்றால் ஒரு மணிக்கு அவள் கூப்பிட வேண்டும்.

அவள் சொன்னதை இசிடோரால் நெருப்பிடம் சொல்ல முடியவில்லை. பலமுறை குனிந்தார். எதிரே சாதுவாக, முழங்கால் உயரத்துக்கு எரிகிறவரே அங்கே மரங்களை வேரோடு தின்றுகொண்டிருக்கிறார். இவரிடம் என்னவென்று கேட்பது? ஒரு கட்டையைத் தூக்கினால், அந்தச் சாலையோரத்திலேயே கொண்டுபோய் வைப்பதுபோல இருந்தது. அதனால் முகர்ந்து முகர்ந்து திரும்ப வைத்தார். நெருப்பு சிறுத்துக்கொண்டே வந்தது.

முதலில் கவனித்தவள் பெர்னடெட். அவருடைய சித்தப்பா மகள். ஆறுதல் நிகழ்ச்சிகளுக்கெல்லாம் பொறுப்பு அவள்தான். கழுத்தில் மூன்று அட்டைகள் தொங்க, வட்டத்துக்கு வெளியே வந்து நின்றாள்.

“அண்ணா, தீ அடங்குது.”

“தெரியும்.”

“தெரிஞ்சா கட்டை வை.”

“கார்டன் வரட்டும்.”

கார்டன் அவருக்கு மாற்று ஆள், மைத்துனன். காலையிலேயே அவனிடமிருந்து செய்தி வந்திருந்தது. “மச்சான், ஊர விட்டு வந்த சனத்த விளையாட்டரங்குல இறக்கிட்டிருக்காங்க. எங்கம்மாவைத் தேடிட்டிருக்கேன். சாயங்காலம் ஆயிடும்.” இதைப் பெர்னடெட்டும் அறிவாள். முறைப்படி புகையிலை கொடுத்து, காவலுக்கு வரும்படி கேட்கப்பட்ட ஆண் ஒருவன்தான் இந்த நெருப்புக்குக் கட்டை வைக்கலாம். வேறு யாரும் வைக்கக் கூடாது.

“நானே வெச்சிடுவேன்” என்றாள். “அப்புறம் எங்கம்மா கல்லறையிலேர்ந்து எழுந்து வந்து என்னை வெளுப்பா. நாளைக்கு வரைக்கும் இது எரியணும்ணா. நடுவுல அணைஞ்சுதுன்னா இந்த முந்நூறு பேரும் என்ன நெனைப்பாங்க? பாதிப் பேரோட வீடு வடக்கதான் இருக்கு.”

இசிடோர் இன்னொரு கட்டையை முகர்ந்தார்.

பன்னிரண்டரைக்கு அடுத்த கூட்டம் வந்தது. பதினான்கு பேர், பெரும்பாலும் நர்ஸம்மாக்கள். வாளியில் கைப்பேசிகள் ஒவ்வொன்றாக விழுந்தன. மார்செல்லா என்ற கனத்த பெண்மணி கடைசியாகப் போட்டாள். “இசிடோர் மாமா, போன தடவை ஐஸ்கிரீமாவது மிச்சம் இருந்துச்சு” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் உதட்டை இழுத்தார்.

ஆளுக்குக் கொஞ்சம் புகையிலை கொடுத்தார். இடது கையில் வைத்துக்கொண்டு மனசில் உள்ளதைச் சொல்லிவிட்டு நெருப்பில் விடலாம். ஒவ்வொருவராக வலம் வந்தார்கள். பாதிப் பேர் வந்திருப்பார்கள்.

அப்போது வாளி அலறியது.

ஒரு கைப்பேசி இல்லை, பதினைந்தும் சேர்ந்தாற்போல. அரசாங்கத்தின் அபாய அறிவிப்புக்கென்று இருக்கும் அந்தச் சத்தம், பல்லைக் கூச வைப்பது. மூடி அதிர்ந்து சரிந்தது. யாரும் நகரவில்லை. காதைப் பொத்தக்கூட யாருக்கும் தோன்றவில்லை. புகையிலை வைத்த கைகள் அப்படியே நின்றன. எல்லோருடைய கண்ணும் இசிடோர் மேல் இருந்தது.

“படி” என்றார் அவர்.

வட்டத்துக்கு வெளியே நின்ற பெர்னடெட் மேலாக இருந்ததை எடுத்துப் படித்தாள். குரல் பாதியில் இறங்கிவிட்டது. “ஊசிப்பாறை ஏரிச் சாலையத் தீ தாண்டிடுச்சு. சாலையை மூடியாச்சு. அந்தப் பக்கம் யாரும் போகக் கூடாது. மணி பன்னெண்டு நாப்பது.”

பன்னிரண்டு நாற்பது என்றால் பஸ் அந்தச் சாலையில்தான் இருந்திருக்க வேண்டும். தீக்கு முன்னாலா, பின்னாலா?

இசிடோர் நெருப்பைப் பார்த்தார். சாம்பலுக்கு நடுவே உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பு, அவ்வளவுதான். இன்னும் கால்மணி நேரம் தாங்காது. படைத்தவனே என்று வாய் முனகியது. மார்செல்லா கையில் இருந்த புகையிலையை இறுக்கிக்கொண்டு, “மாமா, நீங்க வைக்காட்டி நாங்க எங்க விடறது?” என்று மெதுவாகக் கேட்டாள். அதில் கேலி இல்லை.

அவர் எழுந்தார். கட்டை அடுக்கிலிருந்து ஒன்றை எடுத்தார். முகர்ந்து பார்க்கவில்லை. வலமாகச் சுற்றி வந்தார். கால் இரண்டு இடத்தில் தடுக்கியது. முட்டி போட்டு, இரண்டு கையாலும் வைத்தார். வைத்த கையை எடுக்காமல், பக்கத்தில் இருப்பவருக்கும் கேட்காத குரலில் சொன்னார்:

“பெரியவரே. உங்க மருமக வரா. கொஞ்சம் ஒதுங்கி உக்காருங்க.”

கட்டை புகைந்தது. நெடுநேரம் புகைந்தது. பிறகு ஓரத்தில் மஞ்சளாக ஒரு நாக்கு எழுந்தது. மீதிப் பேர் வலம் வந்து புகையிலையை விட்டார்கள். கூட்டம் முடிந்தும் ஒருவரும் போகவில்லை. பிற்பகல் உரை இருக்கிறது என்று உள்ளே மணி அடித்தது. அப்போதும் போகவில்லை.

ஒரு மணி ஆயிற்று. ஒன்றரை ஆயிற்று. இசிடோர் இன்னொரு கட்டை வைத்தார். வாளிக்குள் எதுவோ முணுமுணுத்தால் பதினைந்து தலையும் திரும்பும். யாருடைய பிள்ளையோ சாப்பாடு கேட்டு அனுப்பிய செய்தியாக இருக்கும். இரண்டு மணிக்குப் பெர்னடெட் வட்டத்தின் விளிம்பில் தரையிலேயே உட்கார்ந்து வாளியை மடியில் வைத்துக்கொண்டாள்.

இரண்டே காலுக்குப் பிடில் இசை கேட்டது. அதை அழைப்பொலியாக அவர் கைப்பேசியில் வைத்தவள் டெல்ஃபின்.

பெர்னடெட் எடுத்துக் காதில் வைத்தாள். கேட்டாள். வட்டத்துக்கு வெளியே நின்றபடியே அதை அவரை நோக்கி நீட்டினாள். அவள் கன்னம் நனைந்திருந்தது. அது எந்த அழுகை என்று அவருக்குப் புரியவில்லை. அந்த நாலு எட்டை நடப்பதற்குள் அவர் கிழவராகிவிட்டார்.

“யோவ்” என்றது கைப்பேசி. “இருக்கியா? பின்கண்ணாடி பூரா ஒரே சிவப்பா வந்துச்சுய்யா. ரெண்டு டயர் உருகிப் போச்சு. முப்பத்தெட்டுப் பேரும் இருக்காங்க, எண்ணிட்டேன். ஏய், பேசு.”

அவர் கைப்பேசியைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

“பேசமாட்டியா? சரி, மாமனார்கிட்டயாவது சொல்லிடு.”

இசிடோர் கைப்பேசியைப் பிடித்துக்கொண்டே, எந்தக் கைப்பேசியும் நுழையாத தன் வட்டத்துக்குள் திரும்பி வந்தார். வலமாகத்தான் வந்தார். நெருப்புக்கு எதிரே முட்டி போட்டு, அதன் பக்கமாக அதை நீட்டினார். கட்டை வெடிக்கும் சத்தத்திலேயே மருமகளுக்குப் புரிந்துவிட்டது, மாமனார் முன்னால் அவள் வாய் திறக்கவில்லை. பஸ்ஸின் எஞ்சின் உறுமுவதும், பின்னால் யாரோ கிழவி இருமுவதும் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. கை சுட்டபோதும் அவர் அதை இழுத்துக்கொள்ளவில்லை.