வேர் நிறைந்த பாட்டில்

பூச்சோங்கில் என் வீட்டு வெங்காயக் கூடையில் கிடந்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு ஒன்று நேற்று முளை விட்டிருந்தது. தூக்கிப் போட எடுத்தவள் அப்படியே நின்றுவிட்டேன்.

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தபோது அம்மா இப்படி ஒரு கிழங்கைக் கண்ணாடிப் பாட்டிலில் தண்ணீர் ஊற்றி வைத்தாள். அந்த வாரமே ஆஸ்பத்திரிக்குப் போனவள் திரும்பவில்லை. கிழங்கோ வளர்ந்துகொண்டே இருந்தது. வெள்ளை வேர்கள் பாட்டிலுக்குள் சுற்றிச் சுற்றி இறங்கின. ஊதாத் தளிர்கள் ஜன்னல் கம்பியைப் பிடித்து ஏறின. பள்ளி விட்டு வந்ததும் நானும் அக்காவும் முதலில் அதைத்தான் பார்ப்போம்.

வீட்டைக் காலி செய்த நாளில் அப்பா செடியை வெளியே எடுக்கப் பார்த்தார். வேர்கள் பாட்டிலை அடைத்திருந்தன.

"நல்லா இழுங்கப்பா, லோரி நிக்குது," என்றாள் அக்கா.

"வேரு அறுந்துடும்லா. அம்மா வச்சதும்மா."

பாட்டிலைத் துணியில் சுற்றி, மெல்லத் தட்டி உடைத்தார். வேர்களுக்குள் சிக்கிய சில்லுகளை ஒவ்வொன்றாக எடுத்தார்.

கிள்ளானில் குடிபோன புது வீட்டின் பின்னால் நட்டோம். சில மாதங்களில் கிழங்கு கிடைத்தது. அப்பா அவித்து வைத்தார். எங்களுக்குக் கை போகவில்லை. அவர்தான் முதலில் பிட்டு வாயில் போட்டு, வெகுநேரம் மென்றுகொண்டிருந்தார்.

நேற்று அக்காவுக்குப் போன் செய்தேன்.

"அம்மா குரல் உனக்கு ஞாபகம் இருக்கா?"

"உன்னைக் கூப்பிடுறது மட்டும் இருக்குடி," என்றவள், அம்மா கூப்பிட்டது போலவே என் பெயரைச் சொன்னாள்.