பரணில் வைத்த பொட்டலங்கள்

அன்று பொம்மனஹள்ளியில், நான் வேலை பார்த்த சின்ன உயிர் உரக் கம்பெனியின் தகரக் கொட்டகையில் நான், முதலாளி, பொட்டலம் கட்டும் அக்கா, கோத்தகிரியிலிருந்து வந்திருந்த அப்பா என நாலு பேர் இருந்தோம். அம்மா மட்டும் இல்லை. இருந்திருந்தால், அப்பா வந்த அன்றைக்கே விஷயம் வெளிவந்திருக்கும்.

தொண்ணூறுகளின் கடைசி. எங்கள் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். அந்த ஒரே காரணத்துக்காக அப்பா என் பேச்சைக் கேட்டு, எங்கள் அரை ஏக்கர் தேயிலைக்கு யூரியாவில் கால் பங்கைக் குறைத்தார். நான் கொடுத்தனுப்பிய நுண்ணுயிர்ப் பொடியைத் தொழுவுரத்தில் கலந்து செடிகளின் தூரில் போட்டார். மழை பெய்தும் கொழுந்து சரியாக வரவில்லை, இலை வெளுத்துவிட்டது. மிச்சமிருந்த ஒரு பொட்டலத்தோடு பஸ் ஏறி வந்துவிட்டார்.

பொடியில் உயிர் இருக்கிறதா என்று பார்க்க, அதைக் கரைத்துக் கண்ணாடித் தட்டில் ஊற்றி வைத்தோம். தெரியச் சில நாள் ஆகும். அதுவரை அப்பா என் அறையில் தங்கினார். காலையில் ஓசூர் ரோட்டு டீக்கடைக்குக் கூட்டிப்போவேன். ஒரு வாய் உறிஞ்சிவிட்டு, "இது எந்தத் தோட்டத்துக் குப்பைடா?" என்பார். ஆனாலும் கிளாஸைக் காலி செய்துவிடுவார். லாரிப் புகைக்கு நடுவே அவரோடு நின்ற அந்தக் காலைகள் இன்னும் கொஞ்சம் நீளட்டும் என்றிருந்தது. உள்ளே பயமும் இருந்தது. அப்பா இனி என் படிப்பை நம்புவாரா?

அவருடைய பொடி ஊற்றிய தட்டில் ஒன்றும் வளரவில்லை. அதே சரக்கில் கம்பெனியில் நாங்கள் எடுத்து வைத்திருந்த பொட்டலத்திலிருந்து ஊற்றிய தட்டு முழுக்கப் புள்ளி புள்ளியாகப் பூத்திருந்தது.

"நம்ம சரக்கு சரியாத்தான் இருக்கு. சொல்ப யோசிச்சுச் சொல்லுங்க யஜமான்ரே, வீட்ல எங்க வெச்சிருந்தீங்க?" என்று கொஞ்சம் கன்னடம் கலந்து கேட்டார் முதலாளி.

"எங்க வைப்பாங்க? அடுப்புக்கு மேல பரண்லதான்," என்றார் அப்பா. "எங்க ஊரு ஈரத்துக்கு உப்பு, தீப்பெட்டி, விதை எல்லாம் அங்கதான். உசுருள்ள சாமான்னு இவன் சொன்னான்ல, குளிர்ல செத்துரும்னு இவங்கம்மா நல்லா சூடு படுற எடமாப் பாத்து வெச்சா."

"அய்ய, இன்னா பெரியவரே! அடுப்புப் புகைல வெச்சா கருவாடுதான் கிடைக்கும்," என்றார் அக்கா.

அப்பாதான் முதலில் சிரித்தார். சிரித்து முடித்து என் பக்கம் திரும்பினார்.

"புதுசாக் குடுடா. இந்த வாட்டி பழைய அளவுக்கே உரம் போட்டுச் செடியைத் தேத்திடுறேன். அடுத்த மழைக்கு மறுபடி கால் பங்கு குறைப்போம். கருவாடுன்னதை மட்டும் உங்கம்மாகிட்டச் சொல்லிராத."

நான் சொல்லவில்லை, ஊருக்குப் போனதும் அவரே சொல்லிவிட்டார். புதுப் பொட்டலங்களை அம்மா தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில், நிழலில் வைத்தாள். அடுத்த மழைக்குக் குறைந்த உரத்திலேயே கொழுந்து பச்சையாக வந்தது. மறுபடி வாங்கிய யூரியா, புதுப் பொட்டலம், அப்பாவின் பஸ் சார்ஜ் எல்லாம் சேர்த்து, அந்தப் பரணுக்கு எங்கள் வீடு கொடுத்தது எண்ணூற்று இருபது ரூபாய்.