பாக்கியவதி ஏறியாச்சா?

மீனாட்சிபுரம் எலியேசருக்கு ஸ்கூட்டர் ஓட்ட வராது, கற்றுக்கொள்ளவும் மாட்டார். பள்ளிக்கூட ஆபீசில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெறும்வரை சைக்கிள்தான். மனைவி பாக்கியவதியைக் கோயிலுக்குக் கூட்டிப் போவதும் அதில்தான். அதற்கு இருவருக்கும் ஒரு முறை உண்டு. அவர் முதலில் ஏறி மிதிக்கத் தொடங்குவார். அவள் வேதாகமப் பையோடு பக்கத்தில் நாலெட்டு ஓடி, கேரியரில் ஒருபக்கமாகத் தாவி உட்காருவாள். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கும், பெடல் கனக்கும். ஏறியாச்சா என்று கேட்கிற வேலையே கிடையாது. முழங்காலே சொல்லிவிடும்.

அந்த முழங்கால் போன வருஷம் மக்கர் பண்ணியது. கோயம்புத்தூரில் இருக்கும் மகள் ஃபெபி ஒரு பேட்டரி சைக்கிள் வாங்கி அனுப்பினாள். மிதித்தால் மோட்டாரும் சேர்ந்து தள்ளும். மனுஷருக்குத் தலைகால் புரியவில்லை. பால் வாங்க ஒரு தரம், மல்லித்தழைக்கு ஒரு தரம், ஒன்றுமில்லாததற்கு ஒரு தரம் என்று ஜங்ஷனைச் சுற்றி வந்தார். ஆற்றுப்பாலத்து ஏற்றத்தில் காலேஜ் பையன்களை முந்திவிட்டுத் திரும்பிப் பார்ப்பதில் அவருக்கு ஓர் அற்ப சந்தோஷம்.

ஒரே ஒரு கோளாறு. மிதித்தவுடன் மோட்டார் வராது. பெடல் கொஞ்சம் சுற்றிய பிறகு, தூங்கி முழித்தவன் மாதிரி திடீரென்று வெட்டி இழுக்கும்.

முதல் ஞாயிறு வழக்கம்போல் மிதிக்கத் தொடங்கினார். பாக்கியவதி ஓடினாள். தாவப்போகிற நேரத்தில் மோட்டார் வெட்டி இழுத்தது. அந்த வெட்டைத்தான் அவர், மனைவி ஏறிய குலுக்கல் என்று எடுத்துக்கொண்டார். போன வாரப் பிரசங்கம் நீளம் என்றும், பாட்டுக் குழுவில் சுதி சேரவில்லை என்றும் பாலம் முழுக்கப் பேசிக்கொண்டே போனார். மறுபேச்சு வராதது அவருக்கு ஆச்சரியமாகக்கூட இருந்தது. கோயில் வாசலில் காலை ஊன்றி, "பைய இறங்குட்டி" என்றார்.

மணி அடிக்க வந்த கிங்ஸ்டன் கேட்டான்: "யார இறங்கச் சொல்லுதீய அண்ணாச்சி?"

பாக்கியவதி பஸ்ஸில் வந்து சேர்ந்தாள். ஆராதனையில் வழக்கத்தைவிடச் சத்தமாகப் பாடினாள். வீட்டுக்கு வந்ததும்தான் வெடித்தது.

"ஏறினேனா இல்லையான்னு கூடவா தெரியல?"

"மோட்டாருக்கு நீ இருந்தாலும் ஒண்ணுதான், இல்லாட்டாலும் ஒண்ணுதான். அது ஒரே மாதிரிதான் இழுக்குது."

"மோட்டாருக்குச் சரி. உங்களுக்கு?"

அடுத்த ஞாயிறும் அதற்கடுத்த ஞாயிறும் அவள் பஸ்ஸில்தான் போனாள். பெண்களுக்கு டிக்கெட் கிடையாது என்பதையும் மறக்காமல் சொல்லிக்காட்டினாள். காலிக் கேரியரோடு பாலம் ஏறுவது எலியேசருக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. காலேஜ் பையன்களை முந்துவதும் கசந்துவிட்டது.

மெக்கானிக் இசக்கிமுருகனிடம் போய் நின்றார். "இதுல உள்ள சென்சாருக்குப் பெடல் சுத்துதான்னு மட்டுந்தான் தெரியும் அண்ணாச்சி. எவ்வளவு பலமா மிதிக்கீயன்னு தெரியாது. அதை அளக்குற சென்சார் வேற வண்டியிலதான் வருது" என்றான். கைப்பிடியில் ஒரு பட்டனைக் காட்டினான். "மோட்டார் வேண்டாம்னா இதை அமுக்குங்க. வெறும் சைக்கிள். ஆனா கனக்கும்."

அடுத்த ஞாயிறு பஸ் ஸ்டாப்பில் அத்தனை பேர் பார்க்க, மோட்டாரை அணைத்துவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு பாக்கியவதியைத் தாண்டி மெதுவாக மிதித்துப் போனார் எலியேசர். வண்டி ஆடியது. அவள் பார்த்தும் பாராமல் நின்றாள். பிறகு பையை இடுக்கிக்கொண்டு நாலெட்டு ஓடினாள்.

முழங்கால் இரண்டும் அலறின. அவருக்குக் கண் கலங்கிவிட்டது, வலியால் மட்டுமல்ல.

"வந்துட்டியாட்டி" என்றார்.

பாலத்து ஏற்றத்தில் அவர் படும் பாட்டைப் பார்க்கச் சகிக்காமல் அவளே சொன்னாள். "மோட்டாரைப் போடுங்க. நான் இருக்கேன்னு தெரியணும், அவ்வளவுதானே? பாடிக்கிட்டே வாறேன்."

இப்போது ஞாயிறுதோறும் பாலத்தில் கீர்த்தனை கேட்கிறது. அவள் மூச்சு வாங்கச் சற்று நிறுத்தினால் போதும். எலியேசர் மிதிப்பதை விட்டுத் திரும்பிப் பார்க்கிறார், மோட்டாரும் நின்றுவிடுகிறது. அவள் மறுபடி பாடத் தொடங்கினால்தான் வண்டி நகர்கிறது.