புள்ளிக்கு அப்புறம்

பெயர்ப்பலகை எதைக் கண்டாலும் நின்றுவிடுவார். ஆள்காட்டி விரலை நீட்டி, கடைசி எழுத்துக்குப் பக்கத்தில் காற்றிலே ஒரு குத்து. "இங்க ஒரு புள்ளி வெச்சு நம்ம வாலைப் போட்டா எப்படி இருக்கும், சொல்லு!" சலூன், மருந்துக்கடை, ஒருமுறை சவப்பெட்டிக் கடையைக்கூட விடவில்லை. தெருவில் அவர் பெயரே புள்ளிக்காரர்.

இணைய முகவரியில் கடைசிப் புள்ளிக்கு அப்புறம் ஒரு வால் தொங்குமே, அதை விற்கிற கம்பெனியில் வேலை. இவர் விற்கும் வால் 'கடை'. உலகமே பிடித்துத் தொங்குகிற பழைய 'காம்' வாலைப் பற்றிப் பேச்செடுத்தால் மூக்கு விடைக்கும். "அது நெரிசல் பஸ்ஸுய்யா. நல்ல பேருக்கெல்லாம் எவனோ துண்டு போட்டுட்டான். நம்ம வண்டி காலி, ஜன்னல் சீட்டு!" ஏன் காலி என்று கேட்டால் காது கேட்காது.

வீட்டு டப்பாக்களிலும் 'சீனி.கடை', 'பருப்பு.கடை' என்று ஒட்டியிருக்கிறார். "உப்பு டப்பாவ மட்டும் விட்டுருங்க, அது என் தம்பிக்கு" என்பாள் மனைவி. தம்பி மேல்மாடிக் கம்பெனியில் 'அங்காடி' என்ற வாலை விற்கிறான். லிஃப்டில் மாமனும் மச்சானும் ஆளுக்கொரு சுவரைப் பார்த்தபடி ஏறுவார்கள்.

போன வாரம் வியாபாரிகள் சங்கம் நூற்று நாற்பது கடைக்கும் ஒரே வாலாக எடுக்க இருவரையும் கூப்பிட்டது. இது கைநழுவினால் இவருடைய கிளைக்குப் பூட்டு என்று மேலிடம் சொல்லியிருந்தது. சங்கத் தலைவி ஹார்டுவேர் கடைக்கார அம்மாள். பைப்புக் கட்டுகளுக்கு நடுவே பஞ்சாயத்து.

"மொத வருஷம் சும்மாவே தர்றோம்க்கா" என்றான் மச்சான்.

"சும்மா குடுக்கிறவன் ரெண்டாம் வருஷம் வேட்டிய உருவுவான்மா."

"வேட்டிய விடுங்க மாமா. உங்க வாலை இதுவரைக்கும் எத்தன பேர் வாங்கிருக்காங்க, எங்க அக்காவோட டப்பாவையும் சேர்த்து?"

அம்மாள் அலுத்துப்போய் ஃபோனை எடுத்தார். சங்கத்தின் இணைய ஃபாரத்தில் இருவர் ஈமெயிலையும் ஏற்ற வேண்டும். புள்ளிக்காரர் நெஞ்சை நிமிர்த்தி, புள்ளியை மட்டும் ஒரு அழுத்து அழுத்தி, கம்பெனி விலாசத்தைச் சொன்னார். திரையில் சிவப்பு எழுத்து: 'முகவரி செல்லாது.' அம்மாள் இன்னொரு தடவை அடித்தார். மறுபடியும் சிவப்பு. மச்சான் சிரித்த சிரிப்பில் ஆணி டப்பா உருண்டது.

அடுத்து மச்சானுடையது. அதுவும் சிவப்பு. அந்த ஃபாரத்தைச் செய்தவனுக்குப் பழைய வாலைத் தவிர வேறு வால் தெரியாது.

"ஒரு ஃபாரமே உங்க ரெண்டு பேரையும் உள்ள விடமாட்டேங்குது. நாளைக்கு நூத்தி நாப்பது பேரும் என் வாசல்ல வந்து நிப்பான். பழைய வாலே இருக்கட்டும்" என்று அம்மாள் பில் புத்தகத்தில் இரண்டு தாளைக் கிழித்துத் தள்ளினார். "சங்கத்துலேர்ந்து பதில் வரும். சொந்தக் காரியத்துக்குன்னு ஒரு விலாசம் வெச்சிருப்பீங்கல்ல, அத எழுதுங்க."

இருவரும் எழுதினார்கள். பரீட்சையில் பக்கத்து ஆள் பார்த்துவிடாமல் மறைக்கிற மாதிரி மச்சான் இடது கையைக் குவித்துக்கொண்டான். புள்ளிக்காரர் கடைசிப் புள்ளிவரைக்கும் விறுவிறுவென்று வந்தார். அதற்கப்புறம் முழு உள்ளங்கையையும் தாள்மேல் கவிழ்த்து, அதன் அடியில் பேனாவை நகர்த்தினார்.