அரை இஞ்ச்

டயர் வெடித்துப் பஸ் கவிழ்ந்தது என்று கேட்டதும், நேரம் சரியில்லை என்று உச்சுக்கொட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போகிறவரா நீங்கள்? அப்படியானால் ஸ்கேலக்காவை உங்களுக்குப் பிடிக்காது. ஒரு தனியார் பஸ் கம்பெனியின் கொட்டகையில் பதினோரு வருடமாக டயர் கழற்றி மாட்டுகிறவள் அவள். கையில் எப்போதும் ஒரு நீள இரும்பு ஸ்கேல் இருக்கும். அவள் எதிரில் யாராவது நேரம், ராசி என்று ஆரம்பித்தால், சக்கரத்தில் மாட்டியிருப்பது டயரா கடிகாரமா என்று கேட்டு வாயை அடைத்துவிடுவாள்.

அந்தக் கொட்டகையின் மேனேஜர் அவளுடைய கொழுந்தன். நாலாம் நம்பர் பஸ்ஸை ஓட்டுவது அவளுடைய புருஷன். வீட்டுச் சண்டையைக் கொட்டகைக்கும், கொட்டகைச் சண்டையை வீட்டுக்கும் சுமந்து போக இதைவிட வசதி வேண்டுமா?

நாலாம் நம்பர் தையல் ஃபேக்டரிக்கு ஐம்பது பெண்களை ஏற்றிப் போகிற வண்டி. பின்னால் பக்கத்துக்கு இரண்டு டயர், தோளோடு தோள் உரசாத குறையாக ஓடும். நான்கு மாதத்தில் அதில் மூன்று டயர் வெடித்துவிட்டது. மூன்றுமே புதியவை. தேய்ந்து மொழுமொழுவென்று ஆனவை கல்லுக்குண்டாக ஓட, நேற்று வாங்கியது வெடிக்கிறது. கொழுந்தன் டயர் செய்தவனைத் திட்டினான். புருஷன் வண்டி ராசியில்லை என்றான். அவளுக்கோ உட்கார்ந்தால் எழத் தோன்றியது, எழுந்தால் நடக்கத் தோன்றியது.

ஒருநாள், வெடித்ததற்குப் பதிலாக மாட்ட வந்த புது டயரைப் பழையதன் பக்கத்தில் நிறுத்தி, இரண்டின் மேலும் சேர்த்து ஸ்கேலைப் படுக்க வைத்துப் பார்த்தாள். புதியதன் மேல் ஸ்கேல் உட்கார்ந்தது. பழையதற்கும் ஸ்கேலுக்கும் நடுவே அரை இஞ்ச் வெளிச்சம் தெரிந்தது. ஒரு நாணயம் நுழைகிற சந்து என்றால் போகட்டும் என்று விடலாம். அரை இஞ்ச் என்றால், உயரமானது மொத்தப் பாரத்தையும் வாங்கிக்கொள்ளும். குட்டையானது ஒப்புக்கு உருளும். இரண்டு பேர் தூக்குவதை ஒருவன் தூக்கினால் எத்தனை நாள் தாங்குவான்?

புருஷன் சிரித்தான். புதுசு, வந்த மருமகள் மாதிரி இழுத்துப் போட்டு வேலை செய்யத்தான் செய்யும் என்றான்.

"செய்யும். அப்புறம் வெடிக்கும்," என்றாள் அவள். "நான் வெடிச்சதை மறந்துட்டீங்களா?"



அவசர மாற்றுக்கென்று ஸ்டெப்னியாகத் தொங்குகிற டயரும் பழையதைப் போலவே அதே அளவு தேய்ந்ததுதான். அதைப் பழையதற்கு ஜோடியாக மாட்டி, புதியதை ஸ்டெப்னியாகத் தொங்கவிட்டால் தீர்ந்தது. கொழுந்தனிடம் சொன்னாள். முதலாளி ஒத்துக்கொள்ள மாட்டார் என்றான் அவன். வாங்கிய டயர் ரோட்டில் ஓட வேண்டும், தொங்கிக்கொண்டு வேடிக்கை பார்க்கக் கூடாது என்பது முதலாளியின் சட்டம். முதலாளி அந்தப் பஸ்ஸில் ஒருநாளும் ஏறியதில்லை.

திங்கட்கிழமை காலை அவள் வருவதற்குள், வேறு ஆளை வைத்துப் புது டயரை வெளிப்பக்கம் மாட்டிவிட்டிருந்தார்கள். பெண்கள் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். புருஷன் இன்ஜினைக் கிளப்பியிருந்தான். அவள் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. சக்கரத்தருகே குந்தி, வால்வுக்குள் இருந்த பின்னைத் திருகி எடுத்துக் கைக்குள் மூடிக்கொண்டாள். காற்று சீறிக்கொண்டு இறங்கியது.

கொழுந்தன் ஓடி வந்தான். "அண்ணி, பின்னைக் குடுங்க. வீட்டுல பேசிக்கலாம்."

"வீட்டுல பேசுனா நீ உங்க அண்ணன் முதுகுக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்குவ, தம்பி. இங்கயே பேசு."

அவள் எதிர்பாராதது பஸ்ஸுக்குள்ளிருந்து வந்தது. பத்து நிமிடம் பிந்தினால் ஃபேக்டரியில் அரை நாள் சம்பளம் போய்விடும். ஜன்னலுக்கு ஜன்னல் வசவு. உன் வீட்டுச் சண்டைக்கு எங்கள் கூலியா என்று ஒருத்தி கேட்டாள். யாரைக் காப்பாற்ற நின்றாளோ அவர்களிடம் முதலில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

பின்சக்கரத்துக்கு நேர்மேலே தினமும் உட்காரும் ஒல்லிப் பெண் இறங்கி வந்தாள். "என்னக்கா, சத்தம் போடாம சொல்லு," என்றாள். ஸ்கேலக்கா ஸ்கேலை வைத்துக் காட்டினாள். தையல்காரியிடம் டேப் இல்லாமல் இருக்குமா? அந்தப் பெண் கைப்பையிலிருந்து எடுத்து இடைவெளியை அளந்தாள். காற்று இறங்கினால் நசுங்குவது அடிப்பக்கம்தான்; மேலே அரை இஞ்ச் அப்படியே இருந்தது. ஒரு அரை இஞ்சுக்கா இத்தனை ரகளை என்றான் கொழுந்தன்.

அந்தப் பெண் அவனைத் திரும்பிப் பார்த்தாள். "அரை இஞ்ச் தப்புனா காலர் உட்காராது சார். சட்டைக்கே எங்க கூலியப் பிடிக்கிறாங்க. இது எங்க உசிரு."

ஒவ்வொருத்தியாக இறங்கினார்கள். ஏழு பேர் கடைசிவரை சீட்டை விட்டு எழவில்லை. அவர்களையும் குற்றம் சொல்ல முடியாது, அரை நாள் கூலி அவர்களுக்கு அரிசி. புருஷன் இன்ஜினை அணைத்துவிட்டு ஜாக்கியை எடுத்து வந்து வைத்தான். ஸ்டெப்னி ஏறியது. பஸ் முப்பத்தைந்து நிமிடம் தாமதமாகக் கிளம்பியது.

ஃபேக்டரி ஐம்பது பேருக்கும் அரை நாளைப் பிடித்துக்கொண்டது. பயணிகளைத் தூண்டிவிட்டதாகக் கம்பெனி அவளுக்கு மெமோ கொடுத்தது. மூன்று நாளில் விளக்கம் எழுதித் தராவிட்டால் வேலை இல்லை. அந்த ஜோடி டயர் இன்னும் வெடிக்கவில்லை. வெடிக்காத டயருக்கு யார் கைதட்டுகிறார்கள்? இரண்டு நாளாக அவள் வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தபடி எழுதுகிறாள், கிழிக்கிறாள். நேற்று ஒல்லிப் பெண் ஒரு தாள் கொண்டுவந்து கொடுத்தாள். அளந்ததைப் பார்த்தோம் என்று எழுதி முப்பத்தொரு பேர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். முப்பத்திரண்டாவதாகத் தன் பெயரை எழுதினான் புருஷன். கடைசி நாள் நாளை.

நீங்கள் போகிற வண்டியையும் ஒருநாள் யாராவது இப்படி நிறுத்தக்கூடும். ஜன்னலில் இருந்து கத்தாதீர்கள். இறங்குங்கள், என்னவென்று கேளுங்கள், உங்கள் கண்ணால் பாருங்கள். பார்த்ததை எழுதி, கீழே கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்.