மாலை போட்டவர் வழி சொல்லக் கூடாது

நசரத்பேட்டையில் நாங்கள் ஏறும்போதே காலை பஸ் பிதுங்கிக்கொண்டுதான் வரும். திருமழிசை கம்பெனிகளில் ராத்திரி வேலை முடித்தவர்கள் சீட்டுகளில் வாய் பிளந்து தூங்கிக்கொண்டிருப்பார்கள். அவர்களை எழுப்ப யாருக்கும் மனசு வராது. நானும் அப்பாவும் ஒரே கம்பியைப் பிடித்துக்கொண்டு பூந்தமல்லி வரை நிற்போம். நான் பாடியில் ஒரு கம்பெனி ஆபீசில் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். எனக்கு அந்த பஸ் தலையெழுத்து. ஆவடி ராணுவத் தொழிற்சாலையில் ரிட்டயராகிவிட்ட மனிதருக்கு என்ன வந்தது, வீட்டில் காலை நீட்டிக் கிடந்தால் ஆகாதா என்று அம்மா தினமும் கேட்பாள். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு என்னோடு கிளம்பிவிடுவார்.

பூந்தமல்லி ஸ்டாண்டில் இறங்கியதும் ஆளுக்கொரு டீ. பிறகு நான் பாடி பஸ்ஸைத் தேடிப் போவேன், அவர் ஆவடி பஸ்ஸைத் தேடிப் போவார். தொழிற்சாலை வாசலுக்கு எதிரே இருந்த டீக்கடையில் மதியம் வரை உட்கார்ந்துவிட்டு, பழைய ஆட்களோடு பேசிவிட்டு, எங்கெங்கோ சுற்றிவிட்டு, சாயங்காலம் நான் வரும் நேரத்துக்கு மறுபடி பூந்தமல்லியில் நிற்பார். "இன்னா மச்சான், டூட்டி முட்ச்சா?" என்பார். பெற்ற மகளை மச்சான் என்று கூப்பிடுகிற அப்பாவை அந்த ஸ்டாண்டில் பலர் திரும்பிப் பார்த்திருக்கிறார்கள்.

அவருக்கு ஊர் திருநெல்வேலிப் பக்கம். அம்மாவோடும் சொந்தக்காரர்களோடும் அந்த ஊர்ப் பேச்சுதான். மெட்ராஸ் பாஷை அவருக்குத் தொழிற்சாலையில் ஒட்டிக்கொண்டது. அதைச் சிநேகிதர்களிடம் மட்டும்தான் பேசுவார். வீட்டில் என்னிடம் மட்டும் பேசினார். நான் அவருக்கு யார் என்பது எனக்கு அப்படித்தான் தெரிந்தது. எனக்கு அப்பா என்று ஒருவர் இருந்ததைவிட, சேர்ந்து களைத்துப்போக ஒரு சிநேகிதர் இருந்தார் என்று சொல்வதுதான் சரி.

அவருடைய செக்‌ஷனில் ஒரு வழக்கம் இருந்தது. ஒருவர் ரிட்டயராகிற நாளில் கழுத்து நிறைய மாலை போட்டு, வாடகைக் காரில் உட்கார வைத்து, மேளம் அடித்து, முன்னால் ஆடிக்கொண்டே குவார்ட்டர்ஸில் அவர் வீடு வரை கொண்டுபோய் விடுவார்கள். வாசலில் மனைவி ஆரத்தி எடுத்து உள்ளே அழைத்துக்கொள்வாள். மற்ற செக்‌ஷன்களிலும் இது உண்டு. ஆனால் எங்கள் அப்பா அளவுக்கு இதைத் தலையில் போட்டுக்கொண்டு செய்தவர் யாரும் இல்லை. மேளக்காரர்களுக்குச் சொல்வது, கார் பிடிப்பது, யார் முன்னால் ஆடுவது, எந்த முக்கில் வெடி வைப்பது, எல்லாம் அவர்தான்.

சட்டமும் அவர் போட்டதுதான். ஒரு முறை ஒரு ஃபிட்டர் பாதி வழியில் காரை நிறுத்தச் சொல்லி இறங்கி, "போதும்ப்பா, எனக்கு வெக்கமா கீது" என்று அழுதுகொண்டே சந்து வழியாக வீட்டுக்கு நடந்துபோய்விட்டார். மேளம் நடுத்தெருவில் நின்றது. வீட்டு வாசலில் அவர் மனைவி ஆரத்தித் தட்டோடு காத்திருந்தாள். அதற்குப் பிறகு, மாலை போட்டவர் வாயைத் திறக்கக் கூடாது, வழி சொல்லக் கூடாது, இறங்கு என்று சொன்னால்தான் இறங்க வேண்டும் என்று அப்பா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "வேலைக்குச் சேர்ந்த நாள்லேர்ந்து சங்கு ஊதுனா எழுந்தான், சங்கு ஊதுனா துன்னான். ஒரு நாளாச்சும் நாலு பேரு அவன இட்டுகினு போவட்டும்" என்பார். தன்னுடைய நாளுக்காக அவர் எப்படிக் காத்திருந்தார் என்று எனக்குத் தெரியும். அந்தச் சமயத்தில் நான் ஒரு கல்யாணம் பண்ணிக்கொண்டிருந்தால்கூட அவர் அவ்வளவு யோசித்திருக்க மாட்டார்.

அம்மாவுக்கும் அந்த நாள் வேண்டியிருந்தது, வேறு காரணத்துக்காக. நசரத்பேட்டையில் வாங்கிப்போட்டிருந்த மனையில் ஒருவழியாக வீடு எழும்பியிருந்தது. கிரகப்பிரவேசத்தன்றுகூட அப்பா ஷிஃப்டு மாற்ற முடியாமல், ஹோமம் முடிந்த பிறகுதான் வந்து இலையில் உட்கார்ந்தார். "அவுக ரிட்டயராகி மாலையும் கழுத்துமா வந்து இந்த வாசல மிதிக்கட்டும். அன்னைக்குத்தான் இது வீடு" என்று அம்மா சொல்லிக்கொண்டிருந்தாள். ஆடி பிறப்பதற்குள் பால் காய்ச்சிக் குடி வந்துவிட வேண்டும் என்று அவசரப்படுத்தியதும் அவள்தான். அதனால் ரிட்டயர்மென்டுக்கு முன்னாலேயே குவார்ட்டர்ஸைக் காலி செய்தோம். அந்தக் குவார்ட்டர்ஸ் வீட்டுக்கு உடனே சேலம் பக்கத்திலிருந்து ஒரு சின்னக் குடும்பம் வந்துவிட்டது.

அப்பா ரிட்டயரான நாளில் அவருக்குப் பதிலாக எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டவர் அவருடைய உயிர்ச் சிநேகிதர். தொழிற்சாலைச் சுவரை ஒட்டிய பழைய கிராமத்துக்காரர். விடியலில் எருமைகளைக் கறந்துவிட்டு ஷிஃப்டுக்கு வருகிற ஆள். நான் மாமா என்று கூப்பிடுவேன். தொழிற்சாலை வாசலிலிருந்து மெயின் ரோடு வரை அப்பாவின் காருக்கு முன்னால் மேளத்தோடு நடப்பது, அங்கிருந்து எல்லோரும் வேன் ஏறி நசரத்பேட்டை வருவது, தெருமுனையில் இறங்கி மறுபடி மேளம். இதுதான் ஏற்பாடு.

நானும் அம்மாவும் வாசலில் கோலம் போட்டு, ஆரத்தி கரைத்து, பாயசத்தை மூடிவைத்துவிட்டுக் காத்திருந்தோம். வெயில் ஏறி, வெயில் சாய்ந்தது. போன் எல்லாம் அப்போது எங்கள் தெருவில் யாரிடமும் இல்லை. அம்மா தெருமுனை வரை போவதும் வருவதுமாக இருந்தாள்.

அங்கே நடந்தது இதுதான். மேளக்காரர்கள் எத்தனையோ பேரை அதே வழியில் கொண்டுபோய் விட்டவர்கள். கால் பழக்கத்தில் குவார்ட்டர்ஸ் தெருவுக்குள் திரும்பிவிட்டார்கள். ஆடிக்கொண்டு போன கூட்டமும் திரும்பியது. கண்ணை மூடிக்கொண்டு ஆடிய மாமா கவனிக்கவே இல்லை. காரும் பின்னால் போனது. அப்பா மாலையும் கழுத்துமாக வாயை மூடி உட்கார்ந்திருந்தார். எங்கள் பழைய வீட்டு வாசலில் போய் மேளம் நின்றது. கதவைத் திறந்த சேலத்துப் பெண் இடுப்பில் குழந்தையோடு ஒரு நிமிஷம் திகைத்திருக்கிறாள். பிறகு அவளுக்கு என்ன தோன்றியதோ, உள்ளே ஓடி மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்து வந்து அப்பாவுக்கு ஆரத்தி சுற்றிப் பொட்டு வைத்துவிட்டாள். அவள் முகத்தைப் பார்த்த பிறகுதான் மாமாவுக்கு உறைத்திருக்கிறது. "அண்ணாத்தே, ஊடு மாறி இட்டாந்துட்டோம்" என்று தலையில் கையை வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாராம்.

எங்கள் வாசலில் வேன் வந்து நின்றபோது மேளக்காரர்கள் வேறு வேலைக்குப் போய்விட்டிருந்தார்கள். மாலை வாடிப்போயிருந்தது. அப்பா நெற்றியில் வேறு வீட்டுப் பொட்டு இருந்தது. மாமா அம்மாவிடம் எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னார். அம்மா ஆரத்தித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு முழுக்கக் கேட்டாள்.

"ஒரு ஆளுக்கு ஒரே நாள்ல ரெண்டு வாசல்ல ஆரத்தி கிடையாது" என்றாள். தட்டிலிருந்ததைத் தென்னங்கன்றுக்கு ஊற்றிவிட்டு உள்ளே போய்விட்டாள். அப்பா மாலையைத் தானே கழற்றித் திண்ணையின் மேல் வைத்துவிட்டு, கிணற்றடி வழியாகச் சுற்றி, பின் கதவால் வீட்டுக்குள் வந்தார். வந்திருந்தவர்களுக்கு நான்தான் பாயசம் ஊற்றிக் கொடுத்தேன். யாருக்கும் அது இறங்கவில்லை.

அதன் பிறகு மாமாவோடு அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. அப்பாவும் புது வீட்டில் ஒட்டவே இல்லை. கிணற்றுத் தண்ணீர் உப்பு என்பார், காற்று வரவில்லை என்பார். அவருக்குச் சளி பிடித்தாலும், சுவரில் விரிசல் விட்டாலும், எனக்கு வந்த வரன் தட்டிப்போனாலும் அம்மாவுக்குக் காரணம் ஒன்றுதான். "ஏட்டி, அவுக இன்னும் இந்த வீட்டுக்குள்ள வரவே இல்லட்டி. அங்கனதான் நிக்காவ." எனக்கு இரண்டு பேர் மேலும் எரிச்சலாக வரும். நாள் முழுக்க டைப் அடித்துவிட்டு வருகிறவளுக்கு இரண்டு பக்கத்து வழக்கையும் கேட்கத் தெம்பு வேண்டாமா? சில நாள் பூந்தமல்லியிலேயே இன்னொரு டீ குடித்து நேரத்தைக் கடத்துவோம், அவரும் நானும்.

அப்படி ஒரு சாயங்காலம் கேட்டேவிட்டேன். "கார் திரும்புனப்பவே தெரிஞ்சிருக்குமே. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"மால போட்டவன் வாயத் தொறக்கக் கூடாது மச்சான். நான் போட்ட சட்டம்."

"சட்டமாவது மண்ணாவது."

டீ கிளாஸைக் கையில் உருட்டினார். "அது மட்டும் இல்ல. அந்தத் தெருவுல திரும்புனப்ப எனக்கே மறந்துட்ச்சு. நம்ம ஊடு வந்துட்ச்சுன்னுதான் குந்திகினு இருந்தேன். அந்தப் பொண்ணு கதவத் தொறந்தப்பதான் உங்கம்மா ஏன் வரலேன்னு தேடுனேன்." பிறகு, "உங்கம்மா கைல சொல்லாத" என்றார்.

நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அம்மா இன்னும் நொந்திருப்பாளா, இல்லை ஆறியிருப்பாளா என்று எனக்கு இன்றும் தெரியாது. அவர் தேடியது அவளைத்தான் என்பது மட்டும் எனக்குப் போதுமாக இருந்தது.

சில வருஷங்கள் இப்படியே போயின. பிறகு அப்பாவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. என்னோடு பஸ்ஸில் வருவது நின்றது. ஆஸ்பத்திரி, வீடு, மறுபடி ஆஸ்பத்திரி. நான் ஆபீசிலிருந்து ஆஸ்பத்திரிக்கும் ஆஸ்பத்திரியிலிருந்து ஆபீசுக்குமாக அலைந்ததில், எந்த பஸ்ஸில் ஏறுகிறேன் என்றுகூடப் பார்க்காமல் ஏறியிருக்கிறேன். கட்டில் பக்கத்தில் உட்கார்ந்ததும் தூங்கிவிடுவேன். கண் விழித்தால் அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருப்பார். "தூங்கு மச்சான்" என்பார். ஒரு நாள் காலையில் நான் கண் விழித்தபோது அவர் பார்க்கவில்லை.

அப்பாவை வீட்டுக்குக் கொண்டுவர மாமாதான் வேன் பிடித்தார். அவருக்கும் வயதாகி, முழங்கால் போயிருந்தது. டிரைவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டார். பின்னால் அப்பாவோடு நான். பூந்தமல்லியில் டிரைவர் வேகத்தைக் குறைத்து, "ஆவடி ரோடா?" என்று கேட்டான். ஆஸ்பத்திரிச் சீட்டில் பழைய விலாசமே இருந்திருக்கிறது போல.

"அங்க இல்ல நைனா. நேரா போ. நசரத்பேட்ட" என்றார் மாமா.

எங்கள் தெருமுனையில் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கினார். மேளம் இல்லை, ஒன்றும் இல்லை. காலை இழுத்து இழுத்து வேனுக்கு முன்னால் நடந்தார். தெருவின் ஒவ்வொரு வளைவிலும் கையைத் தூக்கி டிரைவருக்கு வழி காட்டினார். மழைக்குப் பிறகு தெரு சேறாக இருந்தது. வேன் அவர் பின்னால் மெதுவாக ஊர்ந்தது. எனக்கு அதுவரை அழுகை வரவில்லை. அந்த முதுகைப் பார்த்தபோது வந்தது.

அம்மா வாசலில் நின்றிருந்தாள். மாமா அவள் முன்னால் போய் நின்றார்.

"யம்மா, இந்த தபா கரீட்டா இட்டுகினு வந்துட்டேன்" என்றார்.

அம்மா அவரைப் பார்த்தாள். "வாங்கண்ணே" என்றாள். அத்தனை வருஷம் கழித்து அவரிடம் பேசிய முதல் வார்த்தை அது.

நான்கு பேர் அப்பாவைத் தூக்கி வந்தார்கள். நிலைப்படியை நெருங்கியபோது அம்மா கையை நீட்டித் தடுத்தாள். எல்லோரும் நின்றார்கள்.

"வலது கால் மொதல்ல" என்றாள்.

தூக்கியவர்களுக்குப் புரியவில்லை. மாமாவுக்குப் புரிந்தது. அவர் குனிந்து, போர்த்தியிருந்த வேட்டியை விலக்கி, அப்பாவின் வலது காலை மட்டும் கொஞ்சம் தூக்கி, நிலைப்படிக்கு உள்ளே முதலில் வைத்தார். பிறகு அப்பாவை உள்ளே கொண்டுபோனார்கள்.